ஆசிரியர் பதவியும் அதன் காவலும்: இக்கரையும் அக்கரையும்

கோட்டைப்பட்டினம், ஜகதாப்பட்டினம், மணமேல்குடி என்று புதுக்கோட்டை மாவட்டம் கடலைத் தொடும் ஊர்களிலிருந்து இலங்கையின் வடகரை அதிக தூரமில்லை. ஆயினும் இக்கரையில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியரைப் பதவியிலிருந்து விலக்குவதற்கு அரசு கடந்தாக வேண்டிய படிகளும், அக்கரையில் ஒரு மாகாணப் பாடசாலை ஆசிரியரை விலக்குவதற்குக் கடந்தாக வேண்டிய படிகளும் வெவ்வேறாக அமைந்திருக்கின்றன. தோப்புக்கொல்லையிலும் அழியாநிலையிலும் லேணாவிளக்கிலும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் வளரும் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளிலேயே படிக்கிறார்களாதலால், இவ்விரு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நம் மாவட்டத்தாருக்கு வெறும் ஏட்டு ஆராய்ச்சி ஆகாது. பணத்தைக் கையாடுதல், சொல்லாமல் பணிக்கு வராதிருத்தல், மேலதிகாரியின் நியாயமான உத்தரவை மீறுதல், பொய்ச் சான்றிதழ் காட்டி வேலையில் சேர்தல், பிள்ளையைத் துன்புறுத்துதல், நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்க்கப்படுதல் ஆகிய காரணங்களில் இரு தேசங்களுக்கும் பேதம் மிகக் குறைவு. அந்தக் காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு யார் கையில் இருக்கிறது, அந்தக் கை தவறினால் அதைப் பிடித்து நிறுத்துவோர் யார் என்ற இடத்திலேதான் பேதம் முழுவதும் இருக்கிறது. ஆசிரியருக்கு உண்மையான காப்பு விசாரணையே என்பதும், மாணவருக்கு உண்மையான காப்பு அந்த விசாரணை காலத்தில் முடிவதே என்பதும் என் துணிபு.

இரண்டுக்கும் வேர் ஒன்று. ஆங்கிலேய அரசின் ஊழியன் மன்னருடைய விருப்பம் உள்ளவரை மட்டுமே பதவியில் இருப்பான் என்ற சம்பிரதாயம் இரு நாடுகளுக்கும் ஒருங்கே வந்தது. சென்னை அரசாங்க அச்சகத்தில் வேலை பார்த்து நீக்கப்பட்ட வெங்கட ராவ் என்பவர் தம்மை விசாரிக்க வேண்டிய விதிகளின்படி விசாரிக்கவில்லை என்று வழக்காடியபோது, விதிகள் இருப்பது மெய்யே, ஆனால் அவற்றை மீறியதற்காக நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்க இயலாது என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. விதி இருந்தும் பயனில்லை என்ற அந்தப் பழைய நிலையை மாற்றியவை, அத்தீர்ப்புக்கு முன்பே இயற்றப்பட்டிருந்த 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின் 240-ஆம் பிரிவும், அதைப் பின்பற்றி 1950-இல் தோன்றிய நம் அரசியல் சாசனத்தின் 311-ஆம் உறுப்புமே. நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் எவரும் நீக்கக் கூடாது. குற்றச்சாட்டைச் சொல்லி, மறுமொழி கூறத் தக்க சந்தர்ப்பம் கொடுத்து, விசாரணை நடத்திய பின்னரன்றிப் பணியறவோ பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது என்ற இரண்டு வேலிகளை அது கட்டியது. அவ்வேலியில் மூன்று திறப்புகள் மாத்திரம் உண்டு: குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர், விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாதென்று அதிகாரி காரணம் எழுதி வைத்த சந்தர்ப்பம், ராஜ்யத்தின் பாதுகாப்பு.

இவ்வுறுப்பு எல்லா ஆசிரியரையும் ஒரே நாளில் தழுவிக்கொண்டதென்று எண்ணுவது பிழை. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்திய யூனியனுடன் இணைந்த பிறகு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மாகாண ஊழியர் ஆயினர். ஆனால் கிராமங்களில் பெரும் பகுதியான தொடக்கப் பள்ளிகளை நடத்திய ஊராட்சி ஒன்றியங்களின் ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதலே அரசு ஊழியராக ஏற்றுக்கொள்ளப்பட்டனர். நிதியுதவி பெறும் தனியார் பள்ளி ஆசிரியர்களோ இன்றளவும் 311-க்கு வெளியிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குக் காவலாக 1973-ஆம் ஆண்டு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கல்வித்துறையின் முன் அனுமதியின்றி நீக்கக் கூடாது, தற்காலிகப் பணிநீக்கத்தை இரண்டு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, அவசியமானால் இன்னும் இரண்டு மாதம் என்று அது வரம்பு கட்டியது. நிர்வாகியின் கோபத்துக்கு ஆளானதால் மறுநாளே வேலையிழந்து நின்ற ஒரு தலைமுறை ஆசிரியர்களின் கண்ணீருக்குக் கிடைத்த விடை அச்சட்டம் என்றே அதை நான் மதிக்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் நடைமுறை 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின்படி நடக்கிறது. அவ்விதிகளில் 17-ஆம் எண்ணை அறியாத ஆசிரியர் இம்மாநிலத்தில் இல்லை; ‘செவன்டீன் ஏ’ என்றால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைக்கும், ‘செவன்டீன் பி’ என்றால் பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு ஆகிய பெருந்தண்டனைக்கும் வழி என்பது ஆசிரியர் ஓய்வறைகளில் எவரும் விளக்கம் கேட்காத செய்தி. பெருந்தண்டனைக்குரிய குறிப்பாணையை ஒரு தரம் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு மறக்காது: முதல் இணைப்பில் குற்றச்சாட்டு, இரண்டாவதில் அதற்கு அடிப்படையான செய்திகள், மூன்றாவதில் ஆவணங்களின் பட்டியல், நான்காவதில் சாட்சிகளின் பட்டியல். வருகைப் பதிவேட்டின் எந்தப் பக்கம், சத்துணவு இருப்புப் பதிவேட்டின் எந்த வரி, எந்த ஊர்க்காரரின் புகார் மனு என்று பெயரும் தேதியும் சொல்லாமல் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதே அந்த நான்கு இணைப்புகளின் கருத்து. ஆசிரியர் எழுத்தில் விளக்கம் கொடுக்கிறார். ஒப்பவில்லையெனில் விசாரணை அலுவலர் அமர்த்தப்படுகிறார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து அதன்மேல் ஆசிரியர் சொல்வதைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாதென்று 1993-இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. குற்றச்சாட்டையே கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்திருக்கலாகாது என்று 2015-இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் தீர்த்தது.

இலங்கையில் இதற்கு நேரான நூல் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி. அதன் முதலாம் அட்டவணைக் குற்றங்கள் பணிநீக்கம் வரை கொண்டுபோகக் கூடியவை, இரண்டாம் அட்டவணைக் குற்றங்கள் இலகுவானவை. பூர்வாங்க விசாரணை, குற்றப்பத்திரம், முறைப்படியான ஒழுக்காற்று விசாரணை, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் துணையாக வாதிடும் ஓர் உத்தியோகஸ்தர் என்று எல்லாம் அங்கும் உண்டு. ஒழுங்கு விதிகளைப் படித்துப் பார்ப்பவர் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று சொல்லத் தயங்கமாட்டார். ஆயினும் நம்முடைய வேலி சாசனத்தின் உறுப்பாக ஊன்றப்பட்டிருக்க, அங்குள்ள வேலி காலத்துக்குக் காலம் பெயர்த்து நடப்பட்டிருக்கிறது. சோல்பரி சாசனம் மன்னரின் விருப்பம் என்ற பழைய சொல்லைத் தன் 57-ஆம் பிரிவில் வைத்துக்கொண்டு, ஒழுக்காற்று அதிகாரத்தை ஓர் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. 1972-ஆம் ஆண்டுக் குடியரசுச் சாசனம் அதை எடுத்து மந்திரிசபையின் கையில் வைத்தது. 1978-ஆம் ஆண்டுச் சாசனமும் மந்திரிசபைக்கே முதன்மை அளித்தது. 2001-இல் 17-ஆம் திருத்தம் ஆணைக்குழுவைச் சுதந்திரமாக்க, 2010-இல் 18-ஆம் திருத்தம் அதைத் தளர்த்த, 2015-இல் 19-ஆம் திருத்தம் மீட்க, 2020-இல் 20-ஆம் திருத்தம் மறுபடி தளர்த்த, 2022-இல் 21-ஆம் திருத்தம் மீண்டும் மீட்டது. இருபத்தோர் ஆண்டுக்குள் ஐந்து முறை உருமாறிய காவலை நம்பி ஓர் ஆசிரியர் தம் முப்பதாண்டுச் சேவையை எப்படித் திட்டமிடுவார்?

நீதிமன்ற வாயிலும் அங்கே குறுகல். ஆணைக்குழுவின் முடிவைச் சாதாரண நீதிமன்றங்கள் ஆராயலாகாது என்று சாசனமே தடுத்து, அடிப்படை உரிமை மீறல் என்ற ஒரே தலைப்பில் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் வழிவிட்டிருக்கிறது. அம்மனுவையும் ஒரு மாதத்துக்குள் போட்டாக வேண்டும். இங்கே அறந்தாங்கியிலோ கறம்பக்குடியிலோ தண்டனை பெற்ற ஆசிரியர் காலையில் பேருந்து ஏறினால், 2004 ஜூலை முதல் நடந்துவரும் மதுரை அமர்வில் அன்றே வழக்கறிஞரைக் கண்டு ரிட் மனுவுக்கு ஏற்பாடு செய்துவிடலாம். முல்லைத்தீவின் தேசிய பாடசாலை ஆசிரியர் கொழும்புப் புதுக்கடைக்குப் போய், அங்கு தங்கி, தமக்கு நேர்ந்தது வெறும் விதிமீறல் அன்று, சமத்துவ உரிமையின் மீறல் என்று நிறுவ வேண்டும். 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிர்வாக மேன்முறையீட்டு நியாயாதிக்க சபை என்று ஒன்று அமைக்கப்பட்டிருப்பதும், 13-ஆம் திருத்தத்தின் பிறகு மாகாணப் பாடசாலை ஆசிரியர்கள் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் கீழ் வருவதால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாட அவர்களுக்கு ஓரளவு இடமிருப்பதும் இக்குறையைத் தணிக்கின்றன.

எனினும் இலங்கை முறையில் நாம் கற்க வேண்டிய நன்மை ஒன்று உண்டு. நம்முடைய மாவட்டத்தில் புகாரை வாங்குவதும், குற்றச்சாட்டை வரைவதும், விசாரணை அலுவலரைத் தேர்ந்தெடுப்பதும், அறிக்கையை ஏற்பதும், தண்டிப்பதும் கல்வித்துறை என்ற ஒரே வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன. வட்டாரக் கல்வி அலுவலர் அனுப்பிய கடிதத்தின்மேல் மாவட்டக் கல்வி அலுவலர் நடவடிக்கை எடுக்க, மேல்முறையீடும் அத்துறையின் இன்னொரு படியிலேயே முடிகிறது. துறைக்கு வெளியே நிற்கும் ஓர் ஆணைக்குழுவிடம் இறுதிச் சொல்லை ஒப்படைக்கும் இலங்கையின் கருத்து, அது சுதந்திரமாக இயங்கிய ஆண்டுகளில், நம்முடையதைவிட நியாயத்துக்கு நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பணிக்கு வராமை என்ற காரணத்தில் வேற்றுமை கூர்மையாகத் தெரிகிறது. அனுமதியின்றி வராதிருப்பவர் தாமே பதவியைத் துறந்துவிட்டதாகக் கொண்டு, ‘பதவி வறிதாக்கல்’ என்ற அறிவித்தலை அனுப்பிப் பெயரை நீக்கிவிடும் வழக்கம் இலங்கையில் உண்டு; தக்க காரணம் காட்டுவோர் மறுபடி அமர்த்தப்படலாம் என்றாலும், முதலில் விழுவது வெட்டு, பிறகே கேள்வி. இந்தியாவிலும் இத்தகைய விதிகள் இருந்தன. ராஜஸ்தானத்து ஜெய் சங்கர் வழக்கில் 1965-இலும், பீகார் கல்வித்துறையில் பணியாற்றிய தேவகி நந்தன் பிரசாத் வழக்கில் 1971-இலும், எவ்வளவு காலம் வராதிருந்தாலும் விசாரியாமல் பதவி தானே போய்விட்டதென்று சொல்வது 311-க்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. போரும் இடப்பெயர்வும் படகேற்றமும் நேர்ந்த ஒரு நாட்டில் வராமைக்கு எத்தனை காரணங்கள் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பவருக்கு, முதலில் கேட்பதா முதலில் வெட்டுவதா என்ற வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

பதவியிறக்கத்தைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. வேலை போகவில்லையே என்று ஆறுதல் கொள்வதால் போலும். எந்தப் பதவிக்கு ஒருவர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாரோ அதற்கும் கீழே அவரை இறக்கலாகாது என்று 1988-இல் நியாதர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. எனவே பதவி உயர்வால் தலைமையாசிரியரானவரைப் பழைய படிக்கு இறக்கலாமேயன்றி, தேர்வு எழுதி முதுகலை ஆசிரியராகவே வந்தவரை இடைநிலை ஆசிரியராக ஆக்க இயலாது. ஆனால் ஆணையில் எழுதப்படாத இறக்கங்கள் பல. குற்றச்சாட்டு நிலுவையில் உள்ளது என்ற ஒரே குறிப்பால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாமல், விசாரணை முடியாமலேயே இளையவர்கள் மேலே போவதைப் பார்த்து நிற்பவருக்கு நேர்ந்ததும் இறக்கமே. ‘நிர்வாக நலன் கருதி’ என்ற மூன்று சொற்களால் திருமயத்திலிருந்து மணமேல்குடிக்கு மாற்றப்படுபவரின் நிலையும் சில வேளை அத்தகையதே. தண்டனைக்குப் பதிலாகச் செய்யப்படும் இடமாற்றம் செல்லாது என்று 2008-இல் சோமேஷ் திவாரி வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. இலங்கையிலோ சம்பள உயர்வை நிறுத்துவது ஒரு காலத்தில் மொழியின் ஆயுதமாயிற்று: 1956-ஆம் ஆண்டு அரச கரும மொழிச் சட்டத்தின் பின் சிங்களத் தேர்ச்சி பெறாததற்காக 1962-இல் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன் நீதிமன்றம் ஏறினார். அரசு ஊழியர் சம்பளத்துக்காக வழக்கிட முடியாது என்று இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னதை 1969-இல் பிரிவி கவுன்சில் மாற்றியது. அச்சட்டம் சாசனத்துக்கு ஒத்ததா என்ற பெருங்கேள்வியைத் தொடாமலே விட்டது. அவர் ஆசிரியர் அல்லர். ஆயினும் அரசு ஊழியம் செய்த ஒவ்வொரு தமிழரின் சம்பளமும் அவ்வழக்கில் கூண்டேறி நின்றது.

இனி வேலைநிறுத்தம். விசாரணை என்ற காப்பு ஒருவர் இருவரிடம் எவ்வளவு உறுதியாக நிற்கிறதோ, ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக நிற்கும்போது அவ்வளவு எளிதாகச் சரிந்துவிடுகிறது. இதில் இரு தேசங்களும் ஒன்றையொன்று குறைகூற உரிமையற்றவை. இலங்கையில் 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 40,000 ஊழியர்கள் அவசரகால விதிகளின் கீழ்த் தாமே பதவி துறந்தவர்களாகக் கருதப்பட்டு வீதிக்கு வந்தார்கள். இருபத்துமூன்று ஆண்டு கழித்து, அதே ஜூலை மாதத்தில், 2003-இல், ஓய்வூதிய உரிமைகளுக்காகத் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, ‘டெஸ்மா’ என்று அழைக்கப்பட்ட 2002-ஆம் ஆண்டு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தையும், அதற்கு வலுவூட்ட உடனே பிறப்பித்த அவசரச் சட்டத்தையும் கொண்டு ஏறத்தாழ 1,70,000 பேர் விசாரணையின்றி நீக்கப்பட்டனர். நான்கு இணைப்புகளில்லை, சாட்சிப் பட்டியலில்லை. பெயர்ப்பட்டியல் ஒன்றே குற்றப்பத்திரிகையாயிற்று. ரங்கராஜன் வழக்கில் அவ்வாண்டு ஆகஸ்ட் 6-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று கூறியது. பெரும்பாலோர் நிபந்தனையற்ற மன்னிப்பும், நடத்தை விதிகளின் 22-ஆம் விதியை மீறமாட்டோம் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத் திரும்பினர். வகுப்பறையில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டியவரிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்த அனுப்பியது நிர்வாகத்துக்கு வெற்றியாக இருக்கலாம்; கல்விக்கு அது காயம் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டு ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்தபோது அரசு பழைய பாதையில் போகவில்லை; தற்காலிகப் பணிநீக்கமும் 17(ஆ) குறிப்பாணைகளும் பள்ளிதோறும் வந்தன, பின்னர் 2021-இல் அவை கைவிடப்பட்டன. அதே 2021-இல் இலங்கையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியரும் அதிபரும் ஜூலை 12 முதல் அக்டோபர் 25 வரை கற்பித்தலை நிறுத்திவைத்தபோதும், 1980-இல் நேர்ந்தது போன்ற கூட்டப் பணிநீக்கம் நேரவில்லை. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் நெடிய மரபு அங்கே வேலைநிறுத்தத்துக்கு ஓர் அங்கீகாரம் தந்திருக்கிறது. நம்மிடம் அது இல்லை.

ஆசிரியருக்காக இவ்வளவு வாதிட்ட பின் மாணவருக்காகப் பேசாதிருப்பது அதர்மம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்பத்தையும் விலக்கி, மீறுவோர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வேண்டும் என்கிறது. இலங்கையில் கல்வி அமைச்சின் 2005-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அடித்தலைத் தடுத்தது. ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவித்திறன் கெட்ட வழக்கில் 2021 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இது கொடிய, இழிவான நடத்தைக்கு எதிரான அடிப்படை உரிமையின் மீறல் என்று கூறி ஆசிரியரையும் அரசையும் இழப்பீடு கொடுக்கச் செய்தது. இத்துறையில் இலங்கைத் தீர்ப்பு நமக்கு வழிகாட்டி. பிரம்பு எடுப்பது ஒழுங்கு விதியின் மீறல் மாத்திரமன்று, பிள்ளையின் உரிமையின் மீறல் என்று அது சொல்லிவிட்டது.

பாலியல் குற்றத்திலோ தயவுக்கு இடமில்லை. மாணவியிடம் தவறாக நடந்த நவோதயா பள்ளி ஆசிரியர் ஒருவரை, அச்சிறுமியைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தாமல் சுருக்கமான விசாரணையின் பேரில் நீக்கியது சரியே என்று 1996-இல் அவினாஷ் நாக்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அத்தகையோரைப் பணியிலிருந்து விலக்குவதோடு கல்விச் சான்றிதழ்களையும் ரத்துச் செய்ய வகைசெய்து தமிழ்நாடு அரசு 2012-இல் ஆணை பிறப்பித்தது. புகாருக்கு ஆளானவரை வேறு ஒன்றியத்துக்கு மாற்றிவிட்டு விஷயத்தை அடக்கிவிடும் பழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால், அது ஓர் ஊரின் பிள்ளைகளைக் காத்து இன்னோர் ஊரின் பிள்ளைகளைப் பலியிடுவதாகும். விசாரணை நீளும் ஒவ்வொரு மாதமும் குற்றமற்ற ஆசிரியருக்கு அவமானம், துன்பப்பட்ட பிள்ளைக்குப் பயம்; மூன்றோ நான்கோ மாதத்துக்குள் முடிக்க வேண்டியதை மூன்றாண்டு இழுப்பதில் இருவருக்கும் நன்மையில்லை.

இத்தனை காரணங்களுக்கும் புறம்பாகப் புதிதாய் ஒன்று வந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி ஆசிரியர் தகுதித் தேர்வு பணியிலிருப்போருக்கும் கட்டாயம் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது; ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும், தேறாதவர் விலக வேண்டும் அல்லது கட்டாய ஓய்வு பெற வேண்டும்; ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளோர் நீடிக்கலாம், பதவி உயர்வு மட்டும் இல்லை. தமிழ்நாடு அரசு மறுசீராய்வு கோரியிருக்கிறது. கையாடவில்லை, அடிக்கவில்லை, ஒரு நாள் கூடச் சொல்லாமல் விடுப்பெடுக்கவில்லை. இருபது ஆண்டாக இலுப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்மேல் குற்றச்சாட்டே இல்லையாதலால் விசாரணையும் இல்லை, விசாரணை இல்லையாதலால் அவர் தம் இருபது ஆண்டை எடுத்துக்காட்டி முறையிடும் இடமும் இல்லை. தகுதி வேண்டும் என்பதை மறுப்போர் இல்லை. வகுப்பறையில் நெடுங்காலம் காட்டிய தகுதியை அளந்து சொல்ல ஓர் அதிகாரியையாவது, ஒரு பதிவேட்டையாவது அந்தத் தேர்வுக்குப் பக்கத்தில் வைக்க அரசு இவ்விரண்டு ஆண்டுக்குள் வழி காண வேண்டும். 2027 செப்டம்பர் நெருங்கிக்கொண்டிருக்கிறது.